மருந்துப் பாப்பா

சத்தம் கேட்டதும் இந்தப் பக்கத்தில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்ப்பார்கள். திருத்தங்கல் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் அன்றைக்கும் அதைத்தான் செய்தார்கள். ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. மிஷினை நிறுத்தச் சொல்லி யாரோ கத்தினார்கள். நாகஜோதி கையில் ஒட்டிய பசையைச் சேலையில் துடைத்துவிட்டுப் புருஷன் சிவபாண்டியைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தாள். மற்ற பெண்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் வந்தது. நாங்க நல்லாருக்கோம், மேற்க எங்கனயோ கேட்டுச்சு, இங்க இல்ல. பதில் வந்தவள் தன் நிம்மதியை முகத்தில் காட்டாமல் இருக்கப் பாடுபடுவாள், பக்கத்தில் நிற்பவளுக்கு இன்னும் வந்திருக்காதே. கடைசியில் பதில் வராதவளாக நின்றது நாகஜோதி மட்டும்தான். எல்லாரும் அவளைப் பார்க்காமல் லேபிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சண்முகவேல் கூப்பிட்டார். சிவபாண்டியின் அக்கா வீட்டுக்காரர், அவன் வேலை பார்க்கும் எம். புதுப்பட்டிக் கம்பெனியிலேயே போர்மேன். முறைக்கு இவளுக்கு அண்ணன்.

"மருந்து ரூம் போயிருச்சு தாயி. கூட வேல பாத்த மகேஷ்குமாரும் அவன் சித்தப்பாவும் அங்கனயே போயிட்டாக. மச்சினனுக்கு உசுரு இருக்கு. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊர்களில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகும் மருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை, இருமலுக்குக் குடிப்பது டானிக், புண்ணுக்குப் போடுவது களிம்பு. வெறுமனே மருந்து என்று ஒருவன் சொன்னால் பக்கத்தில் பீடி குடிப்பவன் அணைத்துவிடுவான். இந்த ஒரு சொல் நாகஜோதியைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஆலங்குளத்தில், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் பள்ளத்தில் ஒரு சண்டைக் காட்சி எடுக்க வந்தார்கள். அப்பா கண்ணுச்சாமி அங்கே கல் ஏற்றும் வேலையில் இருந்தார். மெட்ராஸிலிருந்து கூட்டிவந்த குழந்தை வெயிலில் சுருண்டுவிட்டது. கூட்டத்தில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த இவளைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் விட்டார்கள். அழு என்றார் டைரக்டர். பிள்ளை சிரித்தது. அம்மா வெள்ளைத்தாய் ஓடிப்போய்த் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு விலகினாள். அவ்வளவுதான், நட்சத்திரம் பிறந்துவிட்டது. நாகஜோதி என்ற பெயர் பாம்புப் படத்துக்குத்தான் ஆகும் என்று சொல்லி 'பேபி வேல்விழி' ஆக்கினார்கள். கண்ணுச்சாமி ஊரிலேயே நின்றுகொண்டார். தாயும் மகளும் மெட்ராஸுக்குப் போனார்கள்.

மூன்றாவது படத்தில்தான் அந்தக் காட்சி வந்தது. அம்மா சாகக் கிடக்கிறாள். மகள் மருந்துக் கடைக்கு ஓடுகிறாள். கடை மேசை உயரம், பிள்ளையின் தலை தெரியவில்லை, மேசை விளிம்பைப் பிடித்த சின்னக் கை மட்டும் தெரிகிறது. "எங்கம்மாவுக்கு மருந்து குடுங்கய்யா" என்று குரல் வருகிறது. தமிழ்நாடே அழுதது என்று பத்திரிகையில் போட்டார்கள். சிவகாசி மட்டும் அழவில்லை. முதல் நாள் கொட்டகையில் பின்வரிசையிலிருந்து ஒருவன், "எந்தக் கம்பெனிக்குத் தாயி? கலர் மருந்தா, வெடி மருந்தா?" என்று குரல் கொடுக்க, கொட்டகையே உருண்டு புரண்டு சிரித்தது. அன்றைக்கு மகளோடு ஊருக்கு வந்து பெருமையாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் வெள்ளைத்தாய். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று மடியில் இருந்த நாகஜோதியும் கைதட்டிச் சிரித்தாள். அன்று வைத்த பெயர்தான் மருந்துப் பாப்பா.

அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே வேடம்தான். யாராவது சாக வேண்டும், இவள் அழ வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை அழுததில் மாமா குடித்தார், சித்தப்பா குடித்தார், கார் வைத்திருந்த மேனேஜர் குடித்தார். பிள்ளைக்குத் தொடையில் கன்னிப்போன தடங்கள்தான் மிச்சம். முன்பல் விழுந்தது, முளைத்தது, ஒரே வருஷத்தில் சாண் உயரம் வளர்ந்தாள். குழந்தையாகவும் இல்லாமல் குமரியாகவும் இல்லாமல் நின்ற பெண்ணைப் பார்த்து, கொஞ்ச நாள் போகட்டும்மா என்று சினிமாக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது கண்ணுச்சாமி குடித்தே போய்ச் சேர்ந்திருந்தார். வெள்ளைத்தாய் சளைக்கவில்லை, பொங்கல் விழா மேடைகளில் ஆட விட்டாள். மேடைக்குக் கீழே நின்ற பயல்கள் பாட்டைக் கேட்கவில்லை. ஏலே, மருந்து கேக்கச் சொல்லுலே என்றுதான் கத்தினார்கள். ஒருநாள் மேடையிலிருந்து பாதி ஆட்டத்தில் இறங்கி நடந்து வந்தவள், மறுவாரம் பிரஸ்ஸில் லேபிள் சுற்றும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து மாத்திரையை மாத்திரை என்றே சொன்னாள். மெட்ராஸ் பேச்சை ஒவ்வொரு சொல்லாக நாக்கிலிருந்து களைந்து எடுத்தாள்.

சிவபாண்டியைக் கட்டிக்கொண்டதற்குக் காரணமே அவன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்பதுதான். லேபிள் லோடு எடுக்க பிரஸ்ஸுக்கு வந்து போவான். மற்றவர்கள் இவளைக் காட்டிச் சிரித்தபோது அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குப் படம்னாலே தூக்கம் வந்துரும்" என்றான். அவ்வளவு நல்ல வார்த்தையை அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. பிள்ளை தங்கவில்லை என்ற குறை தவிர வேறு குறை இல்லாமல்தான் இத்தனை வருஷமும் போனது. அவன் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலைக்குப் போனது கல்யாணத்துக்குப் பிறகு. சண்முகவேல்தான் சேர்த்துவிட்டார். சாயங்காலம் வரும்போது காது மடலிலும் கால் நகக்கண்ணிலும் அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

ஆஸ்பத்திரியில் அவனை அவள் முதலில் அடையாளம் காணவில்லை. முகத்தைத் தீ அதிகம் தொடவில்லை என்று சொன்னார்கள், ஆனால் வீங்கியிருந்தது. கழுத்துக்குக் கீழே கட்டுத் துணிதான். "அம்மா" என்று முனகிக்கொண்டிருந்தான். செத்துப்போன தன் தாயைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். அது யாரையும் கூப்பிடுவதில்லை, வலி வெளியே வரும் வழி அது என்று ஒரு மணி நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. வார்டில் எல்லாக் கட்டிலிலிருந்தும் அதே சொல்தான் வந்தது.

நர்ஸ் வடக்கே எங்கோ உள்ளவர். வெளியே கூப்பிட்டு நிறுத்தி, "வழக்கமா ஏதாவது மருந்து சாப்பிடுவாரா? சுகர், பிரஷர்?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் இல்லை, எங்கம்மாதான் நரம்புக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடுகிறாள் என்று நாகஜோதி சொல்லிக்கொண்டே திரும்பினாள். வாசலில் மைக்கோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பின்னால் கேமரா. முப்பது வருஷத்துக்கு முன்னால் பழகிய உடம்பு, கேமராவைக் கண்டதும் தானாக நின்று முகத்தை நிமிர்த்தியது.

"உங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு மருந்து எடுத்துட்டு வருவாராம்மா?"

வெள்ளைத்தாயின் மாத்திரைப் பையை முந்தின நாள்தான் சிவபாண்டி வாங்கி வந்திருந்தான். வேலை விட்ட களைப்போடு வரிசையில் நின்று வாங்கி வந்தது அவள் நினைவுக்கு வந்தது.

"கொண்டு வருவாரு" என்றாள். "வாரம் தவறாம கொண்டு வந்துருவாரு. அலமாரி நெறையா இருக்கு. அந்த மனுசன் இல்லன்னா..."

அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. நல்ல அழுகை. சேனலுக்கு அவ்வளவு போதும்.

மறுநாள் காலையில் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது தெருமுனையிலேயே மகேஷ்குமாரின் தாய் நின்றிருந்தாள். நாகஜோதி அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி இவள் முகத்தில் தூற்றினாள். "வீட்டுல வச்சு உருட்டுன மருந்தக் கொண்டாந்து எம்பிள்ள பக்கத்துல போட்டானேடி உம்புருசன்! அலமாரி நெறையா வச்சிருந்தியாமே! நீ விளங்குவியா?" நாகஜோதிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குள் போனால் வெள்ளைத்தாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு நினைவு ஒரு இடத்தில் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி போட்டுவிட்டுப் போன டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஜோதி! ஒன்னயப் போடுறாகடி! அந்தக் கடை சீனு! எம்புட்டு அளகா இருக்க!"

போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் சின்னக் கையும் மருந்து குடுங்கய்யாவும், அடுத்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பெரிய முகமும் அலமாரி நெறையா இருக்குவும். வெடி விபத்துக்குக் காரணம் இதுவா என்று கீழே எழுத்து ஓடியது. நாகஜோதி அலமாரியைத் திறந்து மாத்திரைப் பையை எடுத்தாள், மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தன் வாயாலேயே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் வெள்ளைத்தாய், மறுபடி எப்போ போடுவாக என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நடந்தது என்ன என்பது அவளுக்குத் தெரியும். கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் ராத்திரிக் குளிரில் அது குணம் மாறி, அள்ளும்போதே பற்றிக்கொள்ளும் என்பது புதுப்பட்டியில் எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம். விபத்துக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது சிவபாண்டி சொல்லியிருந்தான். "ஆர்டர் சாஸ்தியா வந்துருச்சுன்னு அளவுக்கு மீறிக் கலக்கச் சொல்லிட்டாக. பாதி அப்பிடியே கெடக்கு. நாளைக்கு அதத்தான் அள்ளணும். அத்தான்ட்ட சொன்னேன், பாத்துக்கிடலாம்னாரு." சொல்லிவிட்டு மோருக்குக் கை நீட்டினான். அவளும் ஊற்றினாள். இந்த ஊரில் பெண்டாட்டிகள் தினமும் கேட்கும் பேச்சு அது.

சண்முகவேல் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் டீயும் பன்னும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கும் ஒரு கை முழுக்கக் கட்டு. தீக்குள் புகுந்து மச்சினனைத் தூக்கி வந்தவர் அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம் தாயி" என்றார். "சொன்னது சொன்னபடி இருக்கட்டும்."

"நான் மாத்திரையச் சொன்னேண்ணே."

"எனக்குத் தெரியாதா? நானும் அந்த வீட்டுல சாப்பிட்டவன்தான. ஊருக்கு அது தெரிய வேண்டாம்னுதான் சொல்றேன். கம்பெனி மேல தப்புன்னா சீல் வச்சிருவாக. சீசன் நேரம். புதுப்பட்டில ஒரு வீட்டுல அடுப்பு எரியாது. மொதல்ல என்னயத் தூக்கி உள்ள வைப்பாக, ஒன் நாத்தனா ரெண்டு பொட்டப் பிள்ளையள வச்சுக்கிட்டு எங்கன போவா?" டீ ஆறிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினார். "அவன் பொளைக்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. போறவன் மேல பளிய ஏத்திட்டா இருக்கிறவங்க பொளைச்சுக்கிடுவாக. நீ நடிச்சவதான? மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாப் போதும்."

"நேத்து மருந்து மிச்சம் கெடந்துச்சா இல்லையாண்ணே?"

அவர் பன்னைப் பிய்த்தார், தின்னவில்லை.

"கெடந்துச்சு" என்றார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் நாகஜோதிக்கு ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் அந்த டீயை மூஞ்சியில் ஊற்றியிருப்பாள். சிவபாண்டி வாழ்நாளில் ஒரு குச்சி மத்தாப்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்தது இல்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பான். அப்படிப்பட்டவன் இரண்டு பேரைக் கொன்றவனாகவா போய்ச் சேர வேண்டும்? மகேஷ்குமாரைத் தம்பி தம்பி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். அவள் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரச் சொன்னார். எங்கம்மா உங்க படத்தப் பாத்து அளுவாக என்றார். அவள் பையை மேசையில் கொட்டி, இதத்தான்யா சொன்னேன், எங்கம்மா மாத்திரை என்றாள். அவர் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப மாத்திரைன்னு சொல்றீக. அந்தம்மா மருந்துன்னுதான கேட்டாக? கொண்டு வருவாருன்னுட்டீக. இந்த ஊருல பொறந்தவுகளுக்கு மருந்துன்னா என்னன்னு தெரியாதா?"

"சின்ன வயசுல மெட்ராஸ்ல வளந்தவய்யா. அங்க இதத்தான் மருந்தும்பாக. ஏதோ நெனப்புல..."

அவளுக்கே தன் குரல் வசனம் போலக் கேட்டது. நிறுத்திவிட்டு, மிச்சம் கிடந்த மருந்தைப் பற்றி அழாமல், நிதானமாக, முதலிலிருந்து சொன்னாள். அவர் முழுதும் கேட்டார்.

"நல்லாப் பேசுறீக" என்றார். "அதுதாம்மா சங்கடம். நாளைக்கு நீங்க அளுதாலும் நடிப்பும்பாக, அளாட்டாலும் நடிப்பும்பாக. போர்மேன் வேற மாதிரி எளுதிக் குடுத்திருக்காரு. நான் என்ன செய்ய?" அட்டையைப் பையில் போட்டார். "உங்க வீட்டுக்காரரு தெளிஞ்சுட்டா மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்குவாரு. மருந்து வீட்டுக்குக் கொண்டு போனியான்னு கேப்பாரு. அவரு வாயால இல்லன்னு ஒரு வார்த்த வரணும். அதுக்கு மேல எவன் பேச்சும் நிக்காது."

ஒரு வார்த்தை. நாகஜோதி அதைப் பிடித்துக்கொண்டாள். வார்டுக்குள் விட்ட நேரமெல்லாம் சிவபாண்டியின் காதருகே குனிந்து, "ஏங்க, கேட்டா இல்லன்னு சொல்லணும். மருந்து கொண்டு போனியான்னு கேப்பாக. இல்ல. எங்க, சொல்லுங்க பாப்போம். இல்ல" என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் "அம்மா" என்றான். அவள் மறுபடி சொன்னாள். அவன் மறுபடி அம்மா என்றான். ஒரு கட்டத்தில் தன் குரலில் வெள்ளைத்தாய் பேசுவது அவளுக்குக் கேட்டது. தூக்கம் சொக்கும் பிள்ளையின் காதில் அடுத்த நாள் வசனத்தை ஓதும் அதே கொஞ்சல், அதே அவசரம். கிள்ளுவதற்குத்தான் அவன் உடம்பில் இடமில்லை. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது, இருந்தாலும் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். நாக்கு மேல் அண்ணத்தைத் தேடிப் போய் ஒட்டியது.

"இ...ல்ல" என்றான். "ஜோதி."

அவள் வார்டை விட்டு வெளியே வந்து சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பார்க்க யாரும் இல்லாதபோது அவள் அழுதது வெகுகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் மாஜிஸ்திரேட் வருவதாகச் சொன்னார்கள். அவள் முகம் கழுவிவிட்டு வரும்போது சண்முகவேல் வார்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்தார்.

"பாத்துட்டு வந்தேன் தாயி. பேசினேன். நல்லாக் கேக்கான்."

"என்னண்ணே பேசினீக?"

"நம்ம வீட்டு விசயம்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் படியிறங்கிப் போனார்.

அவள் உள்ளே ஓடப் பார்த்தாள். அதற்குள் பெண் போலீஸ் கதவில் வந்து நின்றுவிட்டார். சொந்தக்காரங்க யாரும் உள்ள இருக்கக் கூடாதும்மா, அவர் சொல்றது அவர் சொல்றதா இருக்கணும், அதான் சட்டம். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி பதித்திருந்தது. அது வழியாக டாக்டர் குனிந்து சிவபாண்டியின் கண்ணை விலக்கிப் பார்ப்பது தெரிந்தது, தலையாட்டுவது தெரிந்தது. மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். ஏதோ கேட்டார். சத்தம் வெளியே வரவில்லை. சிவபாண்டியின் உதடு மெல்ல அசைந்தது, அது அவன் பெயராக இருக்க வேண்டும். இன்னும் ஏதோ கேட்டார், அப்பா பெயராக இருக்கலாம். அதற்கும் அசைந்தது. பிறகு அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, நீளமாக ஒரு கேள்வியைக் கேட்டார். அதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு, உள்ளே இருப்பவனோடு சேர்ந்து தன் நாக்கையும் மேல் அண்ணத்தில் ஒட்டவைத்தாள். இல்ல. சொல்லுங்க. இல்ல.

அவன் வாய் திறந்தது. உதடு இரண்டும் ஒட்டின. பிரிந்தன. வாய் திறந்தபடி நின்றது.

நாக்கு மேலே போகவில்லை. அவள் நன்றாகப் பார்த்தாள். டப்பிங் தியேட்டரில் இப்படித்தான் ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளை முக்காலியில் ஏற்றி நிறுத்துவார்கள். ஒரு படத்தில் அம்மா என்று அவள் அழுத காட்சியைக் கதை மாறியதால் ஆமா என்று மாற்ற வேண்டியிருந்தது. திரும்ப நடிக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, சவுண்டு பார்த்த பெரியவர், வாய்க்கு ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா, காதுக்குத்தான் வேற என்று சிரித்தார். உண்மைதான், திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இவன் சொன்னது எது? வலியா? அத்தான் வந்து கேட்டுக்கொண்டுபோன சொல்லா? அவளுக்குத் தெரியவில்லை. அவனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கே தெரியவில்லை. உள்ளே காதால் கேட்டவர் ஒரு கணம் யோசித்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"ஐயா!" என்று கதவைத் தட்டினாள். "ஐயா, அது அம்மாங்காருய்யா! வலியில சொல்றாருய்யா! இன்னொரு தடவ கேளுங்கய்யா!"

பெண் போலீஸ் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கடுமையாக இல்லை, ஒரு பிள்ளையைப் பிடிப்பது போலத்தான். "சும்மா இரும்மா, ஐயா எளுதுறாருல்ல. நீ கத்துனா அதுக்கும் ஒண்ணு சொல்லுவாக" என்றார். இதற்குள் எதிர்ச் சுவரோரம் நின்ற யாரோ போனை உயர்த்திப் பிடித்துவிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் எழுதி முடித்துவிட்டு, ஒரு தடவை படித்துக் காட்டினார். சிவபாண்டியின் வாய் மறுபடி அதேபோல் திறந்து, ஒட்டி, திறந்தது. கைரேகை எடுக்க முடியாமல் அவன் கைகள் இரண்டும் கட்டுக்குள் இருந்தன. அதனால் நர்ஸ் போர்வையைக் கால் பக்கம் விலக்கினார். இடது பாதத்தில் மட்டும் தீ படவில்லை. பெருவிரல் நகக்கண்ணில் அலுமினியப் பொடி இன்னும் போகாமல் வெள்ளியாக மினுங்கியது. நர்ஸ் அந்த விரலின் சதையில் நீல மையைத் தடவி, அட்டையோடு காகிதத்தைக் கொண்டுபோய் விரலில் வைத்து அழுத்தினார். மற்ற நான்கு விரல்களும் கூச்சத்தில் சுருங்கிக்கொண்டன.